கூழ்ப்பானையைச் சுற்றி

இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம்.

அங்கே ஒடியற்கூழ் காய்ச்சுகிற நாளென்றால் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கசப்புப் போக ஊறவைக்க ஒருவர், மீனும் நண்டும் துப்புரவாக்க ஒருவர், முருங்கையிலை ஆயப் பிள்ளைகள். பிறகு பிலாவிலையைக் கோலி, பானையைச் சுற்றியிருந்து சுடச்சுடக் குடிப்பார்கள். சமையலே அன்றைக்குப் பொழுதுபோக்கு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றுகிற பெரிய பட்டங்களும் அப்படித்தான், பல கை சேர்ந்த வேலை.

நம்ம லயத்தில் எப்படி? மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த அம்மாதான் அடுப்பு மூட்டணும், ரொட்டி சுடணும், சம்பலும் அரைக்கணும். மற்றவர்கள் டீவி முன்னால்! அந்த அம்மாவிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பகலெல்லாம் ஏறி இறங்கின காலுக்கு ஓய்வுதான் வேணும். அரைமணி நடை, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒருநேரச் சமையலை அப்பாவும் பிள்ளைகளும் எடுத்துப் பாருங்கள். ஒடியல் மா கிடைக்காவிட்டால் குரக்கன் மாவிலும் கூழ் காய்ச்சலாம். வீட்டுப் பின்பக்கத்துக் கீரையைக் கிள்ளிப் போடுங்கள். அந்த ஒருமணி நேரம் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து வெயில் காயட்டும். உப்புக் கூடினாலும் குறை சொல்லாமல் குடிப்பார்.