"சூலிட்" என்று வந்த பதில்

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். தோட்டத்து மேற்கு எல்லையில் சர்வே ஆட்கள் வந்து சிவப்புக் கம்பு நட்டுவிட்டுப் போன சங்கதி உங்களுக்குத் தெரியும். நிலம் கைமாறுகிறதா, வீடமைப்புக்கு மாற்றச் சொல்லி மனுப் போயிருக்கிறதா என்று துரையைக் கேட்டால், தலைமை ஆபீசைக் கேளுங்கள் என்கிறார். தலைமை ஆபீசோ பதிலே போடுவதில்லை. ஆகவே நில இலாகாவுக்கே எழுதிக் கேட்பதென்று செயலவை முடிவு செய்தது. அப்பொழுதுதான் அந்தத் தோழர் கேட்டார்: "சர்க்கார் காகிதத்தை நாம கேட்டா காட்டுவாங்களா ஐயா? பால் வெட்டுறவனுக்கு என்ன பதில் வரும்?"

நல்ல கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற எனக்குத் துணிவில்லை. நமக்கு முன்னால் தொழிலாளர் அமைப்பு ஒன்று இப்படிக் கேட்டு, பதில் வாங்கி, அந்தப் பதிலை எதிர்த்து நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் தண்ணீர் விநியோகம் ஷபாஸ் என்னும் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2004 டிசம்பரில் மத்திய அரசாங்கம், சிலாங்கூர் அரசாங்கம், அந்தக் கம்பெனி என மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2006 நவம்பர் முதல் தண்ணீர்க் கட்டணம் 15 விழுக்காடு ஏறியது.

லயத்தில் இருக்கிறவரையில் தண்ணீர் பில் என்ற காகிதத்தை நம்மில் பலர் கண்டதில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆபீசுக்குப் போய்க் கிராணியோடு ஒரு சண்டை, அதோடு சரி. ஆனால் சிலாங்கூரில் தோட்டம் தோட்டமாக மரம் சாய்க்கப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்த நம் ஜனங்களுக்கு மாதா மாதம் பில் வருகிறது. நம்மோடு ஒரே நிரைக்குப் பக்கத்து நிரையில் வெட்டியவர்கள் அவர்கள். பதினைந்து விழுக்காடு ஏன் ஏறியது என்று அவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கேட்டது. கட்டணத்தைக் குறை என்று வெறுமனே கூச்சல் போடாமல், இரண்டு காகிதங்களைக் காட்டும்படி கேட்டது. முதலாவது, அந்த ஒப்பந்தம். இரண்டாவது, கட்டண உயர்வுக்கு ஆதாரமாக இருந்த தணிக்கை அறிக்கை. கம்பெனி இன்ன வேலையைச் செய்து முடித்தால் இவ்வளவு ஏற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்குமானால், அந்த வேலை முடிந்ததா இல்லையா என்பது கணக்கில் தெரியும். கணக்கைப் பார்த்தபிறகு ஏற்றம் நியாயம் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளலாம். இதில் என்ன குற்றம்?

எரிசக்தி, நீர், தொடர்புத்துறை அமைச்சின் பதில் மறுப்பாக வந்தது. ஒப்பந்தம் அந்தரங்கமானது, அறிக்கை அரசாங்க இரகசியம், இரண்டையும் காட்டுவதற்கில்லை என்பதே அதன் சாரம்.

இந்த இரகசியம் என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் என்று ஒன்று உண்டு. மந்திரிசபைக் காகிதம், மாநில ஆட்சிக்குழுக் காகிதம், நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு சம்பந்தப்பட்ட காகிதம் ஆகியவை அதன் அட்டவணையிலேயே இரகசியம். இவை போதாவென்று, மற்றக் காகிதங்களின் மீதும் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் முத்திரை குத்தலாம். முத்திரை நாலு வகை: ரக்சியா பெசார், ரக்சியா, சூலிட், தெர்ஹாட். 1986இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். இரகசியத்தை வெளியிட்டவனுக்கு ஓராண்டுக்குக் குறையாமல், ஏழாண்டு வரையில் சிறை. ஒரு காகிதம் இரகசியம்தான் என்று அதிகாரி சான்றிதழ் கொடுத்துவிட்டால், அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக்கூடாது என்றும் சேர்த்தார்கள். முத்திரைக்கு வேண்டிய ரப்பரை வெட்டிக் கொடுத்தவர்கள் யார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது!

ஆனால் இரகசியம் பேசும் உத்தியோகஸ்தரை மட்டும் ஏசிவிட்டுப் போக என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. காரணம், நானே அந்த வேலையைச் செய்தவன்.

1980களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. பால் கொட்டகையில் நிறுவை என் பொறுப்பு. பாலின் எடைக்கு அப்படியே கூலி இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நூறு கிலோ பாலில் காய்ந்த ரப்பர் முப்பது, முப்பத்தைந்து கிலோ தேறும். மாதிரி எடுத்துச் சோதித்து, காய்ந்த எடையைக் கணக்கிட்டுப் புத்தகத்தில் ஏற்றுவது ஆபீசில் நடக்கும். அங்கேதான் வெட்டுகிறவர் கண்ணுக்கும் அவர் கூலிக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது.

ஒரு சம்பள நாளுக்கு முன்தினம், ஓர் அம்மாள் ஆபீஸ் சன்னலுக்கு வந்தார். "கிராணி ஐயா, எம் பேருக்கு நேரா இந்த மாசம் என்ன போட்டிருக்கீங்க? புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். நான் தலையை நிமிர்த்தாமலேயே, "இது ஆபீஸ் புத்தகம்மா. வெளி ஆளுக்குக் காட்டக்கூடாது" என்றேன்.

"என் பாலு, என் பேரு, என் கூலி. நான் எப்படி ஐயா வெளி ஆளு?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதிலில்லை. சன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் அவர் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். நிறுவையில் நான் உரக்கச் சொன்ன எடையையெல்லாம் அந்தப் பெண் அன்றன்றைய நாட்காட்டித் தாளின் முதுகில் எழுதி வைத்திருந்தாள். பெரிய கிராணி புத்தகத்தைத் திறந்து பார்த்தார். தோட்டத்தில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். தகப்பன் பெயரைக் கவனியாமல் பதினொரு நாள் எடையை நான் மாற்றி ஏற்றியிருந்தேன். பதினொரு நாள்! ஒரு குடும்பத்தின் அரிசிக் காசு.

மறைக்கச் சொல்லித் துரை எனக்கு உத்தரவு போடவில்லை. எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உள்ளே தப்பு இருந்தால் வெளியே வந்துவிடுமே என்ற பயம், நம் புத்தகத்தை இவர் பார்ப்பதா என்ற சிறு கர்வம், இவ்வளவுதான் என்னிடமிருந்த இரகசியம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கவேண்டும் என்பதைக்கூடப் பின்னால்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே இருக்கும் கிராணித் தோழர்கள் என்னை மன்னிக்கவேண்டும். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். காங்கிரசும் வேறு சிலரும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2010 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹடாரியா சையத் இஸ்மாயில் அவர்கள், இரண்டு காகிதங்களையும் காட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தார். தொழிலாளர் வட்டாரத்தில் அன்று ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் அரசாங்கம் அப்பீல் செய்தது. அப்பீல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் மட்டும் மாறுபட்டு, காட்டவேண்டும் என்றே எழுதினார். அங்கிருந்து கூட்டரசு நீதிமன்றம். 2014இல் கடைசித் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பாகம் உண்டு. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன். வழக்கு முழுவதும் எழுந்து நின்ற கேள்வி, "கேட்பதற்கு நீ யார்? உனக்கு இதில் என்ன பாதிப்பு?" என்பது. ஆபீஸ் சன்னலில் நான் சொன்ன 'வெளி ஆள்' என்ற வார்த்தையைச் சட்ட பாஷையில் போட்டால் இதுதான் வரும். இந்த விஷயத்தில் காங்கிரசுக்கு உண்மையான அக்கறை உண்டு, ஆகவே அது வழக்காட வரலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கதவு திறந்தது.

ஆனால் காகிதம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்துக்குள்ளேயே அந்தரங்கம் காக்கும் விதி ஒன்று இருந்தது. தணிக்கை அறிக்கை மந்திரிசபைக்குப் போன காகிதம், ஆகவே அட்டவணைப்படி இரகசியம். அப்பீல் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி மாநில அரசாங்கத்தின் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. பில் கட்டியவர்கள் கட்டியதுதான்.

ஆகவே நமக்கு என்ன? மந்திரிசபையும் ஆட்சிக்குழுவும் பார்த்த காகிதத்தைக் கேட்டால் வரும் பதில் என்னவென்று நமக்கு இப்பொழுதே தெரியும். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டு, ஒரு வரிப் பதிலை வாங்கிக்கொண்டு, பாருங்கள் அநியாயம் என்று அடுத்த கூட்டத்தில் பேசுவது சுலபம். பேசிவிட்டு லயத்துக்குப் போனால் கம்பு அங்கேயே நிற்கும்.

நாம் வேறு விதமாகக் கேட்கப் போகிறோம். முதல் வேலைக்குச் சலுகையோ தயவோ வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, கட்டணம் கட்டினால் யாரும் நில ஆபீசில் ஒரு நிலத்தின் பட்டாப் பதிவைத் தேடிப் பார்க்கலாம். மலாயில் 'சாரியான்' என்பார்கள். உரிமையாளர் யார், நிலம் விவசாயம் என்றிருக்கிறதா, கட்டடம் என்றிருக்கிறதா, என்னென்ன நிபந்தனை, அடமானம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ரப்பர் நிலம் வீட்டு நிலமாக வேண்டுமானால் முதலில் அந்த 'விவசாயம்' என்ற சொல் மாறியாகவேண்டும். நம் செயலாளர் லாட் நம்பரை எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை அவரும் இன்னும் இரண்டு தோழர்களும் போய்வருகிறார்கள்.

இரண்டாவது, கடிதம். பினாங்கும், 2011இல் நமது சிலாங்கூரும் தகவல் பெறும் சுதந்திரச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேற்றின. மாநில இலாகாவிடம் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரவேண்டும். மறுத்தால் அப்பீல் செய்ய ஒரு வாரியம் உண்டு. மத்திய அரசாங்கத்தின் இரகசியச் சட்டத்தைத் தாண்ட இந்தச் சட்டத்தால் முடியாது என்பதையும் மறக்கவேண்டாம். அதனால்தான் 'ஆட்சிக்குழு என்ன முடிவு செய்தது' என்று கடிதத்தில் நாம் கேட்கவில்லை. இந்த லாட்டின் மீது நில வகை மாற்றும் மனு வந்திருக்கிறதா, வந்திருந்தால் எந்தத் தேதியில், எத்தனை ஏக்கருக்கு என்ற மூன்று மட்டுமே கேட்டிருக்கிறோம். பரந்த கேள்விக்கு மழுப்பலான பதில் வரும். தேதி கேட்டால், தேதி கொடுக்கவேண்டும் அல்லது மறுக்கவேண்டும்.

இன்னொன்று. எதற்காகக் கேட்கிறோம் என்று அந்தச் சட்டப்படி எழுதியாகவேண்டும். எழுதியதற்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் அது குற்றம். சில தோழர்கள், காரணத்தை எழுதினால் உஷாராகிவிடுவார்கள், ஏதாவது பொதுவாக எழுதலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. லயத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றின் எதிர்காலம் குறித்துத் துரைமாரோடும் அரசாங்கத்தோடும் பேசுவதற்காக, கிளைக் கூட்டத்தில் வாசிப்பதற்காக, நமது பத்திரிகையில் வெளியிடுவதற்காக என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறோம். பிறகு யாரும் நம் கையைப் பிடிக்க முடியாது.

'இல்லை' என்றே பதில் வரட்டும். அந்தக் கடிதத்தில் எந்தக் காரணத்தால், எந்த விதிப்படி இல்லை என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாரியத்துக்குப் போவோம். பதிலே வராவிட்டால் அனுப்பிய ரசீதும் நகலும் நம் பைலில் இருக்கும். அந்த அம்மாளின் நாட்காட்டித் தாள் மாதிரி.

கடிதம் தலைவரின் மேசையில் இருக்கிறது. மலாயில் எழுதியதைத் தமிழிலும் செயலாளர் இப்பொழுது வாசிப்பார். கேட்டு, புரிந்தபிறகு, பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள். போட விருப்பமில்லாதவர்களை யாரும் வற்புறுத்தவேண்டாம். தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். இந்தத் தோட்டத்திலும் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள்.