மகளிர் உளவியலில் ஆய்வுப் பொருள் தேர்தல்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியும் நம் இளைஞரும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பொதுவாகப் பேசுவதினும், அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவது பயன் தருமெனக் கருதுகிறேன்.

நம் பகுதியிலிருந்து உளவியல் முதுகலை பயிலச் சென்ற மாணவி ஒருவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். மகளிர் உளவியல் பாடத்திற்கு ஆய்வுத் திட்ட வரைவு ஒன்றை இரண்டு வாரத்திற்குள் எழுதித் தர வேண்டுமாம். "ஐயா, எந்தப் பொருளை எடுப்பதென்றே தெரியவில்லை" என்றார். கையிலிருந்த தாளில் 'இந்தியப் பெண்களின் மனநிலை' என்று எழுதியிருந்தார். நான் வரலாறு படித்தவன். உளவியல் எனக்கு பி.எட். வகுப்போடு சரி. எனினும் அத்தலைப்பைக் கண்டதும், "அம்மா, இதற்கு உன் ஆயுளும் போதாது, உன் பல்கலைக்கழகத்தின் ஆயுளும் போதாது" என்றேன்.

அவர் கொண்டுவந்த பாடநூலைப் புரட்டுகையில் லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் அமெரிக்க அம்மையாரின் வரலாறு கண்ணிற்பட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1908இல் நியூயார்க் சென்று மணம் முடித்தார். மணமான பெண்ணுக்கு அங்கே ஆசிரியப் பணி இல்லை என்று கதவடைத்துவிட்டார்கள். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் அறிவும் கைத்திறனும் குன்றிவிடும், ஆகவே பொறுப்பான பணிகளுக்கு அவள் தகுதியற்றவள் என்று மருத்துவர்களும் அறிஞர்களும் அந்நாளில் எழுதி வந்தனர். எழுதியவர் பலர்; அளந்து பார்த்தவர் அரியர். அதனையே அம்மையார் தம் ஆய்வுப் பொருளாக்கினார். 23 பெண்களையும், ஒப்பிடுவதற்கு 2 ஆண்களையும் கொண்டு, விரலால் தட்டும் வேகம், கை நடுங்காமை, நிறங்களின் பெயரைச் சொல்லும் விரைவு, எதிர்ச்சொல் கூறல் முதலியவற்றைத் தொடர்ந்து சோதித்தார். சொல்லப்பட்ட குறைவு காணப்படவில்லை. 1914இல் அவ்வாய்வு வெளிவந்தது.

அவருடைய வழிகாட்டி தார்ண்டைக் என்னும் பெரும் பேராசிரியர். ஆண்களிடையேதான் திறமையின் ஏற்றத்தாழ்வு மிகுதி, ஆதலால் மேதைகளும் ஆண்களிலேயே மிகுதி என்னும் கொள்கையுடையவர். மாணவி அதையும் விடவில்லை. பிறந்த ஆண் குழந்தைகள் 1000, பெண் குழந்தைகள் 1000 ஆகியோரின் உடலளவுகளை மற்றொரு பெண்ணுடன் சேர்ந்து ஒப்பிட்டு, அக்கொள்கைக்கு அங்கே ஆதாரமில்லை என்று எழுதினார். வழிகாட்டிக்கு மாறாக எழுதினால் பட்டம் கிடைக்குமோ என்று அஞ்சும் தம்பிமார் கவனிக்க: 1916இல் அம்மையாருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

இதைப் படித்து முடித்ததும், "எல்லோரும் சொல்லுகிற, ஒருவரும் அளந்து பாராத பேச்சு ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். நம் பெண்களைப் பற்றி எல்லோரும் சொல்லுவது என்ன?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாதிருந்து, "வகுப்பில் வாய் திறக்கமாட்டார்கள், தாழ்வு மனப்பான்மை என்பார்கள் ஐயா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெற்றோர் கூட்டங்களில் அதே சொற்களை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. தன் மக்களைப் பற்றித் தானே ஆராய்ந்தால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று யாரோ அவரை அச்சுறுத்தியிருந்தனர். உயர்குலத்தார் தம்மைப் பற்றி எழுதும்போது எழாத இந்த ஐயம் நம்மிடம் மட்டும் எழுவது வியப்பே. மேமி கிளார்க் என்னும் கறுப்பினப் பெண், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கறுப்பினச் சிறு குழந்தைகளின் தன்னுணர்வை. அது 1939. அந்த வழியிலேயே அவரும் கணவர் கென்னத் கிளார்க்கும் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் குழந்தைகள் முன் வைத்து ஆராய்ந்தனர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் கட்டுரை அடிக்குறிப்பிலே சான்றாக நின்றது.

பின்னர்த் தலைப்பைத் திருத்தத் தொடங்கினோம். 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதினால், ஆய்வு தொடங்கும் முன்பே குற்றம் பெண்ணின் தலையில் ஏறிவிடுகிறது என்று அவரே சொல்லி, அச்சொல்லை அடித்தார். மாணவி எத்தனை முறை பேசுகிறாள் என்பதோடு, பேசுமாறு எத்தனை முறை அழைக்கப்படுகிறாள் என்பதையும் எண்ணினால் என்ன என்றார். பெற்றோரின் இசைவு, பெயர்களை மறைத்தல், ஒரு பள்ளியைக் கொண்டு உலகத்துக்கே முடிவு கூறாமை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார்.

"முன்னோட்டமாக உங்கள் பள்ளியில் உட்காரலாமா ஐயா?" என்றார். இசைந்தேன். ஆசிரியர் சிலர் முகம் சுளித்தனர். என் வரலாற்று வகுப்பிலும் கடைசி இருக்கையில் குறிப்பேட்டுடன் அமர்ந்தார். மணி அடித்தபின் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாணவர் பெயர்களுக்கு நேரே கோடுகள் வரிசையாக இருந்தன. நம் தெருப் பெண் பிள்ளைகளுள் நான் பெயர் சொல்லி அழைத்தது ஒருத்தியைத்தான். அதுவும் கரும்பலகையைத் துடைப்பதற்கு.

அவர் வரைவை எழுதிக் கொடுத்துவிட்டார். தலைப்பு, 'வகுப்பறையில் ஆசிரியர் அழைப்பும் மாணவியர் மௌனமும்'. அடுத்த மாதம் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.