இரண்டு இருக்கை விமானம்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் கெடா மாநிலத்தில், அலோர்ஸ்டாரில், ஆகாயப் படையின் பயிற்சித் தளத்தில் ஒரு காலத்தில் இளம் விமானிகள் ஏறிப் பழகியது எம்.டி.3-160 என்னும் சின்ன விமானம். சுவிட்சர்லாந்தின் டெட்வைலர் நிறுவனம் வடிவமைத்தது. 1983-இல் முதலில் பறந்தது. 1990-களில் நம் நாட்டிலேயே அதைத் தயாரித்தார்கள். 160 குதிரைத்திறன் இயந்திரம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை.

அதன் வடிவமைப்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. இறக்கையிலும் வாலிலும் உள்ள பல பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தலாம். நம் தோட்டத்தில் இந்த மரத்து மங்கு அந்த மரத்துக்கும் பொருந்துமே, அதைப் போல! உதிரிப் பாகங்களைக் குறைவாக வைத்தாலே போதும்.

அடுத்தது எடை. இதைவிடச் சிறிய வகைக்கு அமெரிக்கா 2004-இல் வகுத்த விதியில் வரம்பு 600 கிலோவாக இருந்தது. மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோமா? வெறும் விமானம் 360 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ வீதம் இருவர் 150. நூறு லிட்டர் பெட்ரோல் சுமார் 72 கிலோ. மிச்சம் எவ்வளவு? 18 கிலோதான். "இருக்கை கொஞ்சம் சொகுசா இருக்கட்டுமே" என்று 20 கிலோ கூட்டினால் வரம்பு தாண்டிவிடும். அப்புறம் பெட்ரோலைத்தான் குறைக்க வேண்டும். போகும் தூரமும் குறையும்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. காண்டா வாளி சுமந்த பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு பக்கம் பால் கூடினால் கம்பு சாயும். விமானத்தில் வால் பக்கம் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், விமானியின் பிடிக்கு அடங்காது. அதனால்தான் இருக்கைகளையும் பெட்ரோல் தொட்டியையும் இறக்கைக்கு அருகில் வைக்கிறார்கள். எடை பெருக்கல் தூரம், அவ்வளவுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல்!

"கணக்குப் படிச்சு என்னங்க சார் ஆகப்போவுது?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் என் பதில். பெருக்கலில் தடுமாறும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அறிவியலை விட்டு ஒதுங்குகிறது. பறக்கும் வேலைக்கும், பறக்கும் பொருளைச் செய்யும் வேலைக்கும் உள்ள கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது.

இன்னொன்று. பயிற்சி விமானத்தில் இருவருக்கும் தனித்தனியே கைப்பிடியும் மிதியும் உண்டு. மாணவன் ஓட்டுவான், ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். தவறினால் உடனே பிடித்துக்கொள்வார். பெற்றோர்களே, கூலிமில் ஷிப்ட் முடிந்து வந்தாலும், வெளிக்காட்டு வேலை முடிந்து வந்தாலும், இரவில் அரை மணி நேரம் பிள்ளையின் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், மறுநாள் எங்களிடம் அனுப்புங்கள். சொல்லிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

பரிசு பெற்ற மாணவர்களுக்கு வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் வாழ்த்துகள்.