கணக்குக் கற்றவர் கடை திறக்க விழைவதேன்?



நம் காலனியில் பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் உளர். படிப்பு முடிந்ததும் நல்ல உத்தியோகம் என்பதே நம் எண்ணம். அவர்களுள் ஒருவர், "சொந்தத் தொழில் தொடங்கலாமா?" என்று வினவினால் நாம் திடுக்கிடுகிறோம். அவ்வெண்ணம் எங்கிருந்து பிறக்கிறது?

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், ஏட்டுப் படிப்போடு, தொழில் புரியும் கணக்காளரிடம் பயிற்சி பெறுவதையும் மாணவர்க்கு விதித்துள்ளது. மூன்றாண்டாக இருந்த அப்பயிற்சி, 2023-இல் வந்த திட்டத்தில் இரண்டாண்டாயிற்று. இன்று ஓர் ஆலையின் பேரேட்டைப் புரட்டும் மாணவர், நாளை ஒரு மருந்துக் கடையின் சரக்கிருப்பை எண்ணுகிறார். இலாபம் காட்டும் கடையும் ரொக்கமின்றித் தவிப்பதைக் காண்கிறார். விற்ற சரக்குக்குப் பணம் வருமுன்பே சரக்கு சேவை வரி கட்ட நேர்வதையும், வாராக் கடன் முதலை விழுங்குவதையும் அறிகிறார். பிறர் முதலில் தாம் பெறும் இவ்வனுபவமே அவருக்குத் துணிவைத் தருகிறது.

இது நம் நாட்டவர்க்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்த சிறுவர், கணக்கெழுதவும் ஐந்தொகை போடவும் பழகினர். அடுத்தாளாகவும் ஏஜெண்டாகவும் உயர்ந்தனர். அவர்களுட் சிலர் தாமே முதலாளிகளுமாயினர்.

எனினும், வாங்குவோர் மனத்தைப் பேரேடு காட்டாது. சரக்கை விற்கும் திறன் வேறு. மேலும், கணக்காளராகத் தொழில் புரிபவர் வேறு வாணிகத்தில் ஈடுபடக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆதலின் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலையும் வரலாம்.

நாம் மாதச் சம்பளத்தை நம்பி ஊர் விட்டு வந்தவர்கள். முதல் தேதிச் சம்பளமே நம் அடுப்பை அணையாமல் காத்தது. ஆகவே நம் அச்சம் இயல்பே. அதைப் பிள்ளைகளுக்குப் பிதுரார்ச்சிதமாக விட்டுச் செல்லுதல் மட்டும் தகாது. மகனாயினும் மகளாயினும், "வேண்டாம்" என்னுமுன் இரு கேள்விகள் கேட்போம்: "ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு உண்டா? கடனுக்கு விற்றால் எத்தனை நாளில் வசூலாகும்?" விடை கூறுவோரை வாழ்த்தி அனுப்புவோம், தயங்குவோர் இன்னும் சிறிது காலம் பிறர் பேரேட்டைப் புரட்டட்டும்.