லைக் போட்ட தம்பி லிஸ்ட்ல இருக்கானா?

(நசரத்பேட்டையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி, பூத் பொறுப்பாளர்கள் கலந்தாய்வுக் கூட்டத்தில் நம் அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசியது. நிர்வாகிகள் பலரும் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளம் வாக்காளர்களை வேட்பாளர் எப்படி ஈர்ப்பது'. பத்து நிமிஷம். ஸ்லைடு போட்டுக் காட்டலாம்னு லேப்டாப்போட வந்தேன், ப்ரொஜெக்டர் இன்னும் வந்து சேரல. அதுவும் நல்லதுதான். ஏன்னா நான் முதல்ல சொல்லப் போறது என் தப்பு.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். காலையில பூத் பக்கத்துல நம்ம டேபிள்ல உட்கார்ந்திருந்தேன். அதுக்கு முந்தின வாரம் நான் எடிட் பண்ணின ஒரு ரீல் லட்சம் வியூஸைத் தாண்டியிருந்தது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். அந்த ரீலை ஸ்டேட்டஸ் வச்ச பசங்களே நாலஞ்சு பேர் ஓட்டுப் போட வந்தாங்க. லிஸ்ட்ல தேடினோம். பேர் இல்ல. ஒருத்தனுக்கு ஓட்டு திருவண்ணாமலை பக்கம் சொந்த ஊர்ல இருக்கு. இன்னொருத்தன் அப்ளை பண்ணவே இல்ல, ஆதார் கார்டு இருந்தாலே போதும்னு நினைச்சிருக்கான். என்ஜினீயரிங் படிச்ச பையன்! ராத்திரி வீட்டுக்குப் போய் அந்த ரீலோட கணக்கைத் திறந்து பார்த்தா, பார்த்தவங்கள்ல பாதிக்கு மேல மதுரை, கோயம்புத்தூர், துபாய். நம்ம பூந்தமல்லியைத் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேர்தல்ல தமிழ்நாடு மொத்தமா 69.72 சதவீத ஓட்டு பதிவாச்சு. தென் சென்னையும் மத்திய சென்னையும் 55-ஐக் கூடத் தொடல. செல்போன் அதிகம் இருக்கற இடத்துலதான் ஓட்டு கம்மி. இதை நம்ம அணிக்காரங்க கொஞ்சம் யோசிக்கணும்.

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அரசியல் ஆர்வம் இல்ல'ன்னு மூத்தவங்க சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2017 ஜனவரியில மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகக் கூடினாங்களே, அவங்களை எந்தக் கட்சி லாரி அனுப்பிக் கூட்டிட்டு வந்தது? ஆர்வம் இருந்தது. எந்தக் கட்சியையும் உள்ள விடாத அளவுக்கு நம்ம மேல கோபமும் இருந்தது. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இன்னும் பின்னாடி போனா, 1967. விருதுநகர்ல காமராஜர் நிக்கிறார். எதிர்த்து நின்னவர் பெ.சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல இருந்து வந்த மாணவர் தலைவர். 1,285 ஓட்டு வித்தியாசத்துல காமராஜர் தோத்தார். காமராஜர் தோத்ததை நினைச்சா இன்னைக்கும் மனசு வலிக்கும், அது வேற விஷயம். எந்தக் கட்சி ஜெயிச்சதுங்கறதையும் விட்டுடுங்க. எப்படி நடந்ததுன்னு பாருங்க. அப்போ ஓட்டுப் போடற வயசு 21. போராட்டத்துக்கு வந்த மாணவர்கள்ல நிறைய பேருக்கு ஓட்டே கிடையாது. ஆனா ஊர் ஊராப் போனாங்க, பேசினாங்க. ஓட்டே இல்லாத பசங்க அடுத்தவங்க ஓட்டை மாத்திக் காட்டினாங்க. இப்போ நம்ம நிலைமை தலைகீழ். 18 வயசுலயே ஓட்டு இருக்கு, பூத்துக்கு வர ஆள் இல்ல.

அந்த 18 எப்படி வந்ததுன்னும் ஒரு வார்த்தை. 61-வது அரசியல் சட்டத் திருத்தம், 1989 மார்ச்ல நடைமுறைக்கு வந்தது. கொண்டு வந்தது ராஜீவ் காந்தி அரசு. அதே வருஷம் நவம்பர்ல 18 வயசுப் பசங்க முதல் தடவையா நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட்டாங்க. தமிழ்நாட்டுல அவங்க கூட்டணி அள்ளினது உண்மை. ஆனா டெல்லியில ஆட்சி போச்சு. 'நாங்கதான் கொடுத்தோம்'னு சொன்னா நன்றிக்கடனா ஓட்டு வந்து விழாது அண்ணே. லேப்டாப் கொடுத்தோம், சைக்கிள் கொடுத்தோம்னு மேடையில பேசற எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிறப்புத் தீவிரத் திருத்தத்துல 2025 டிசம்பர் 19-ல வரைவுப் பட்டியல் வந்தப்போ, தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேர் அதுல இல்ல. அதுல பெரிய பங்கு இடம் மாறினவங்கன்னு ஆணையமே சொன்னது. இடம் மாறினவங்க யாரு? நம்ம ஊர் ஹாஸ்டல் பசங்க. மாடியில ரூம் எடுத்து ஆறு பேர் தங்கியிருக்கற கம்பெனிப் பசங்க. வருஷத்துக்கு ஒரு வீடு மாறுற நம்மளை மாதிரி வாடகைக் குடும்பங்க. இவங்களுக்கு ரீல் வேண்டாம். ஃபார்ம் 6 வேணும், ஃபார்ம் 8 வேணும். புதுசாச் சேர 6, முகவரி மாத்த 8. எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்... பாருங்க, நம்ம கூட்டத்துலயே இவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல இருக்கற மாணவர் சொந்த ஊர் முகவரியிலயும் பேர் சேர்க்கலாம், ஹாஸ்டல் முகவரியிலயும் சேர்க்கலாம். ஏதாவது ஒண்ணுதான், ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது. 17 வயசு முடிஞ்சாலே முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்கலாம். ஜனவரி 1 மட்டும் இல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு. பன்னிரண்டாவது படிக்கற தம்பி தங்கச்சி வீட்டுல இருந்தா இன்னைக்கே சொல்லுங்க.

அடுத்தது நம்ம வேட்பாளர். யாருன்னு தலைமை அறிவிக்கட்டும். யாரா இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். விடியக்காலையில நசரத்பேட்டை சிக்னல்ல வந்து நில்லுங்க. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை போற கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையா நிக்கற பசங்களைப் பாருங்க, பொண்ணுங்களைப் பாருங்க. நாம திறந்த ஜீப்ல பட்டாசு வெடிச்சுக்கிட்டு சாயங்காலம் வர்றோம். அந்த நேரத்துல ஒரு ஷிஃப்ட் உள்ள இருக்கு, இன்னொரு ஷிஃப்ட் தூங்குது. நாம கும்பிடறது மூடின கதவைத்தான்.

அவங்க கிட்ட சாதனைப் பட்டியல் படிக்க வேண்டாம். தேர்தல் நாள்ல சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 135பி பிரிவு இருக்கு. தினக்கூலிக்கும் அது உண்டு. பாதிப் பேருக்கு மேல இது தெரியாது. 'லீவு கேளு தம்பி, தரலைன்னா எனக்கு போன் பண்ணு'ன்னு ஒரு வேட்பாளர் தன் வாயால சொன்னா, அந்தப் பையன் அவர் பேரை மறக்க மாட்டான்.

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லலாமா வேணாமான்னு நேத்து ராத்திரி வரைக்கும் யோசிச்சேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி நம்ம பேஜ்ல ஒரு பையன் கமென்ட் போட்டிருந்தான். 'ராத்திரி பத்து மணிக்கு மேல பூந்தமல்லியில இறங்கினா நசரத்பேட்டைக்கு எப்படிப் போறது, ஷேர் ஆட்டோ கேக்கற காசுக்கு என்ன பதில்'னு. கொஞ்சம் நக்கலாத்தான் கேட்டிருந்தான். நான் என்ன பண்ணேன்? ஒரு வடிவேலு மீம் எடுத்துப் போட்டேன். நம்ம ஆளுங்க நூறு பேர் வந்து சிரிச்சாங்க. 'எந்தக் கட்சிடா நீ, எவ்வளவு வாங்கின'ன்னு சில பேர் கேட்டாங்க. அவன் கமென்ட்டை அழிச்சிட்டுப் போயிட்டான். ஜெயிச்சிட்டோம்னு நினைச்சேன்.

பத்து நாள் கழிச்சு டீக்கடையில ஒருத்தன் வந்து, 'அண்ணா, அந்த மீம் போட்டது நீங்கதானே'ன்னான். நான் படிச்ச காலேஜ்லயே எனக்கு ஜூனியர். சண்டை போடல. 'முதல் ஓட்டு, உங்களுக்குத்தான் போடலாம்னு இருந்தேண்ணா'ன்னு மட்டும் சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டான். அவன் ரூம்ல இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. அந்த அஞ்சு பேர் கிட்டயும் என் மீமைக் காட்டியிருப்பான், இல்லையா?

எதிர்க்கட்சிக்காரனுக்குப் பதிலடி கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா புரொஃபைல்ல கொடி இல்லாம, தலைவர் படம் இல்லாம, ஊர்ப் பேரைச் சொல்லி ஒருத்தன் கேள்வி கேட்டா, அவன் எதிரி இல்ல. நம்ம தெருக்காரன். பதில் தெரியலைன்னா 'தெரியல, கேட்டுச் சொல்றேன்'னு எழுதுங்க. கேட்டுச் சொல்லவும் சொல்லுங்க.

அந்தப் பையனை நான் போய்ப் பார்த்தேன். மன்னிப்பு கேட்டேன். பஸ் விஷயத்துக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில சிக்னல் பக்கத்து டீக்கடையில ஒன்றியச் செயலாளர் அண்ணன் ஒரு மணி நேரம் உட்கார்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். மாலை, சால்வை, போட்டோகிராஃபர் கிடையாது. ஃபார்ம் 6, ஃபார்ம் 8 நகல் நான் கொண்டு வரேன். பைக் வச்சிருக்கறவங்க பின்னாடி ஒரு தம்பியையோ தங்கச்சியையோ ஏத்திட்டு வாங்க. முதல் கேள்வி அந்தப் பையனோடது, அண்ணன் கிட்ட சொல்லி வச்சிட்டேன். வர்றேன்னு அவன் இன்னும் உறுதியாச் சொல்லல.