பொன்னும் பந்தமும்: ஒரு பழைய விளையாட்டின் விதிநூல்

அறக்கட்டளைச் சொற்பொழிவில் ஒரு பெட்டி விளையாட்டின் விதிநூலா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நியாயமான ஐயம்தான், பேச்சே அதற்கு விடை சொல்லட்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. போர் விளையாட்டில் ஊறியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது எளிதில் பிடிபடவில்லை. 1977-இல் எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அதைப் புதியவர்களுக்காகச் செப்பனிட்டார். 1981-இல் டாம் மோல்ட்வே மறுபடியும் எழுதி 64 பக்கங்களில் அடக்கினார். என் பேச்சு அந்த 64 பக்கங்களைப் பற்றியது. அட்டைப்படத்தில் டிராகனோடு போர் நடக்கிறது. உள்ளே இருக்கும் விதிகளோ போரைக் கட்டுபடியாகாத தொழிலாக்குகின்றன. அந்த முரணில்தான் இதன் வடிவமைப்பு மேதைமை இருக்கிறது என்பது என் வாதம்.

ஆட்டம் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. ஒருவர் நடுவர், அவர் நிலவறையின் வரைபடத்தை மறைத்து வைத்துக்கொண்டு வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். போர்வீரர் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றை வீழ்த்தினால் 5 புள்ளி. அதையும் குழுவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. தனியாளாகவே ஆடினாலும் 400 கோப்ளின்களைக் கொல்ல வேண்டிய இடத்தில், 2,000 காசு உள்ள ஒரு பெட்டி போதும். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரே மந்திரம், நான்கு முகப் பகடையில் விழும் அளவே உயிர். இந்தக் கணக்குத் தெரிந்த எவரும் வாளை உருவுமுன் வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் புதையல் கனமானது. சுமைக் கணக்கு விதியைக் கடைப்பிடித்தால், 400 காசு எடை வரை சுமப்பவர் பத்து நிமிடச் சுற்று ஒன்றில் 120 அடி நடக்கலாம். 800-ஐத் தாண்டினால் 30 அடிதான். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடுவர் ஆறுமுகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் சுற்றித்திரியும் உயிரினம் ஒன்று எதிரே வரும். ஒரு பந்தம் ஆறு சுற்றுக்கு எரியும். கைவீசிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் உள்ளே போன குழு, அதே வழியில் அதே நடைவிதிப்படி முழுச் சுமையோடு திரும்ப நான்கு மணி நேரம் ஆகும். போகும்போது மூன்று உருட்டல், ஒரு பந்தம். குறைந்தது ஒரு சந்திப்பாவது நேரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். திரும்பும்போது பன்னிரண்டு உருட்டல், நான்கு பந்தம். வாய்ப்பு 89 சதவீதம். அப்படி வருபவற்றிடம் பெரும்பாலும் பொன்னும் இருக்காது, ஆகவே அந்தச் சண்டை வெறும் செலவு. வர்ணனையில் ஒரு சொல்கூடச் சேர்க்காமல், பேராசையே அச்சமாக மாறும்படி எடை, வெளிச்சம், நேரம் ஆகிய மூன்றையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் கணக்கெழுத்து வேலையாகிவிடும். அலுப்பு என்று பலர் இந்தக் கணக்குகளைக் கைவிட்டபோது நேர்ந்ததும் அதுதான்.

எதிரே வந்ததும் சண்டைதான் என்பதும் இல்லை. அந்த உயிரினம் என்ன செய்யும் என்று நடுவருக்கே தெரியாதபோது இரண்டு பகடை உருட்டுகிறார். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல். அதற்கு 36-இல் ஒரு வாய்ப்பு. 6 முதல் 8 வரை வந்தால் தயக்கம். அதற்கு 36-இல் 16. அந்தத் தயக்கத்தில்தான் பேரமும் பொய்யும் லஞ்சமும் நுழைகின்றன. சண்டை மூண்டாலும், தோழர்கள் விழுந்த பிறகு எதிரிகள் நிற்பார்களா ஓடுவார்களா என்று மன உறுதிப் பகடை கேட்கும்.

விதிகள் ஒரு சீராக இல்லை என்பார்கள். கதவைத் தள்ள ஆறுமுகப் பகடை, திருடர் பாத்திரத்துக்குச் சதவீதம், மனநிலைக்கு இரட்டைப் பகடை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இருபது முகப் பகடையை மையமாக்கி இதை ஒழுங்குபடுத்தியது. ஆனால் இரட்டைப் பகடை நடுத்தொகையை நோக்கிச் சாய்கிறது. தயக்கமே மற்றவற்றைவிட அதிகமாக வர வேண்டிய இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. திருடரின் சதவீதங்களுக்கு என்னிடம் வாதம் கிடையாது. பூட்டைத் திறக்க 15 சதவீத வாய்ப்பு உள்ளவரை எந்தக் கூட்டாளி வேலைக்கு அழைப்பார்? பொன்னைச் சேர்த்தால் வாள்வீச்சு தேறுவது அபத்தம் என்பது இன்னொரு குறை. வாழ்க்கைக்கு அது அபத்தம்தான். விதியின் வேலையோ ஆடுபவர் எதை விரும்ப வேண்டும் என்று சொல்வது. கொலைக்குப் பரிசு தந்தால் கொலையைத்தான் தேடுவார்கள்.

கனமான ஆட்சேபம் அறம் பற்றியது. சில இனங்கள் பிறப்பிலேயே தீயவை, அவற்றின் வீட்டைக் கொள்ளையிடுவதே சாகசம் என்ற பார்வை இந்நூலில் இருக்கிறது. விளையாட்டுப் பெட்டியோடு வந்த கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' களநூலில் குகைவாழ் கூட்டங்களின் பெண்களும் குழந்தைகளும்கூட எண்ணிக்கை போட்டுப் பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். கூட்டங்களுக்கிடையே உள்ள பகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதே நூல் வழியும் காட்டுகிறது. அறிவால் வென்றாலும் புள்ளி உண்டு என்று விதி சொல்வதால், பேசித் தீர்ப்பவர் எதையும் இழப்பதில்லை. ஆனால் பேசித் தீர்த்தாலும் பொன் அந்தக் குகையிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதை நியாயப்படுத்த விதிநூலில் ஒரு வரியும் இல்லை.