63 நாட் அவுட்

(நம் குடியிருப்பின் குடியரசு தின விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பரிசு கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான், ஐந்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் பிறப்பதற்கு முன் நடந்தது இது. பில் ஹியூஸ் என்று ஓர் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர். சிட்னி மாதிரி பெரிய ஊர்க்காரர் இல்லை, மேக்ஸ்வில் என்ற சின்ன ஊர். அப்பா வாழைத்தோட்ட விவசாயி. நம்ம திருச்சிப் பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2009-இல் தென் ஆப்பிரிக்காவில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். அடுத்த டெஸ்டில் டர்பனில் 115, 160 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். அப்போது வயது 20. ஒரே டெஸ்டில் இரண்டு சதம் அடித்தவர்களில் அவ்வளவு சின்ன வயதுக்காரர் வேறு யாருமில்லை.

ஆனாலும் அணியில் இடம் நிலைக்கவில்லை. எடுப்பார்கள், நீக்குவார்கள், மறுபடி எடுப்பார்கள். அவரும் உள்ளூர் ஆட்டத்தில் ரன் குவித்துவிட்டு மறுபடி வந்து நிற்பார். 2013-இல் இங்கிலாந்தில் ட்ரெண்ட் பிரிட்ஜில் கடைசி ஆளாக வந்த ஆஷ்டன் அகர் 98 அடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எதிர்முனையில் 81 நாட் அவுட்டாக நின்று அந்தப் பையனை ஆடவிட்டவர் ஹியூஸ். இருவரும் கடைசி விக்கெட்டுக்குச் சேர்த்தது 163.

2014 நவம்பர் 25, சிட்னி மைதானம். 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். ஷான் அபாட் ஒரு பவுன்சர் போட்டார். ஹியூஸ் மட்டையைச் சுழற்ற, பந்து ஹெல்மெட் மறைக்காத இடத்தில், காதுக்குக் கீழே கழுத்தில் பட்டது. ஒரு கணம் நின்றார், பிறகு முகம் குப்புற விழுந்தார். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துவிட்டது. இரண்டு நாளில் போய்விட்டார். இன்னும் மூன்று நாளில் 26 முடிய வேண்டியவர்.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் எங்கள் கிளைகளுக்கு இடையே போட்டி நடக்கும். நான் வேகப்பந்து. வேகம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன், அது வேறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் எதிரணியில். என் பந்து எகிறி அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. ஹெல்மெட் அப்போது யாரிடம் இருந்தது? ஆறு தையல். ஒரு வாரத்தில் கேஷ் கவுன்டரில் வந்து உட்கார்ந்து, "சார், பந்து நல்லாத்தான் போட்டீங்க" என்று சிரித்தான். அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பவுன்சர்கூடப் போட்டதில்லை.

அதனால் 2014-இல் டி.வி. பார்க்கும்போது என் மனம் ஹியூஸிடம் பாதி, அபாட்டிடம் பாதி. 22 வயதுப் பையன். விழுந்தவரை ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அவர்மேல் யாரும் பழி போடவில்லை. இரண்டே வாரத்தில் அதே சிட்னி மைதானத்தில் திரும்ப வந்து பந்து வீசி, ஓர் இன்னிங்ஸில் 14 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அந்த முதல் பந்தைப் போட ஓடிவர எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அது வரவில்லை.

அடுத்து நம் இந்திய அணியோடு அடிலெய்டில் டெஸ்ட். ஹியூஸைப் பதின்மூன்றாவது ஆளாக அணியில் சேர்த்தார்கள். அவருடைய டெஸ்ட் எண் 408 புல்தரையில் எழுதப்பட்டிருந்தது. வார்னர் 63-ஐத் தொட்டதும் வானத்தைப் பார்த்து மட்டையைத் தூக்கினார். ஜான்சனின் பவுன்சர் கோலியின் ஹெல்மெட்டில் பட்டதும் ஆஸ்திரேலியர்களே ஓடிவந்து விசாரித்தார்கள். அதே கோலி இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். நாம் 48 ரன்னில் தோற்றோம். அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தமே வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

ஸ்கோர் புத்தகத்தில் ஹியூஸின் கணக்கு முதலில் 'காயத்தால் விலகல்' என்றிருந்தது. அதை '63 நாட் அவுட்' என்று திருத்தினார்கள். வாழ்நாள் முழுக்கப் பேரேடு எழுதியவன் நான். திருத்தம் போட்டாலே மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், திட்டும் விழும். மனதார ஒப்புக்கொண்ட திருத்தம் இது ஒன்றுதான்.

அவர் விட்டுப்போனவை வேறும் உண்டு. ஹெல்மெட்டின் பின்னால் கழுத்தை மறைக்கும் காப்பு வந்தது. 2019-இல் தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறங்கலாம் என்று ஐ.சி.சி. விதி கொண்டுவந்தது. அதே ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சர் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. ஹியூஸோடு ஆடிய அதே ஸ்மித், கழுத்துக் காப்பு போடாமல்! நல்லவேளை, பிழைத்தார். அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். 2023-இலிருந்து வேகப்பந்தை எதிர்கொள்ளும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்குக் கழுத்துக் காப்பு கட்டாயம்.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் தீபாவளிக்குப் பிறகு கார்க் பந்துக்கு மாறிவிட்டார்கள். போன மாதம் பி பிளாக் பையன் ஒருவனுக்குப் புருவத்துக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியது. அவன் பேட் செய்யவில்லை, மட்டைக்குப் பக்கத்தில் ஃபீல்டிங் நின்றவன். நம் ராமன் லாம்பா 1998-இல் டாக்காவில் அப்படித்தான் ஹெல்மெட் இல்லாமல் கிட்டே நின்று அடிபட்டு உயிரை விட்டார். விளையாட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மைதானத்தைப் பூட்டிவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னபோது எதிர்த்தவன் நான்தான்.

கமிட்டி மூன்று ஹெல்மெட் வாங்க ஒத்துக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் கழுத்துக் காப்புச் செலவு என்னுடையது. பேட் செய்யும் இருவருக்கு இரண்டு, கிட்டே நிற்பவருக்கு ஒன்று. ஹெல்மெட் இல்லையென்றால் அன்று டென்னிஸ் பந்துதான். சாவி செக்யூரிட்டி அறையில் இருக்கும், நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டை நான் செக் செய்வேன்.